ஊரடங்கு, செய்தி, தலைவர்கள், நம்ம அடுக்குமாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 இரண்டு வருடமும் தென்சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். அரசு உத்தரவு ஒன்று வந்தால் அதை முழுக்கப் படித்து, நம் கட்டடத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுவது என் வேலை. அப்போது கேட்ட கேள்விகளையே இன்றும் லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். அரசியல் வருகிற இடங்களில் இருப்பது என் சொந்தக் கருத்து, சங்கத்தின் கருத்து அல்ல.

அதெல்லாம் முடிஞ்சு போன கதையாச்சே, இப்ப எதுக்கு அதைப் பத்திப் பேசணும்?

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கிடைத்த கொஞ்ச நேர சிக்னலிலும் "ஏரியைத் திறந்துட்டாங்க, ஓடுங்க" என்ற ரகத்தில் செய்திகள். இதை யார் சொன்னது, எப்போது சொன்னது, நம் தெருவுக்குப் பொருந்துமா என்று 2020-இல் கேட்டுப் பழகிய வீடுகள் அந்த ராத்திரியில் நிதானமாக இருந்தன. அதனால்தான் பேச வேண்டும் என்கிறேன்.

மொத்தம் எத்தனை லாக்டவுன் வந்துச்சு? எனக்கு எல்லாம் கலந்து போச்சு.

பலருக்கும் அப்படித்தான். 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு, காலை 7 முதல் இரவு 9 வரை. தமிழ்நாட்டில் அதை மறுநாள் காலை 5 மணி வரை நீட்டினார்கள். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அது ஏப்ரல் 14-இல் முடியாமல் மே 3, மே 17, மே 31 என்று நீண்டது. நடுவில் சென்னைக்கு மட்டும் கெடுபிடி அதிகமான நாள்களும் உண்டு: ஏப்ரல் 26 முதல் 29 வரை (கோவை, மதுரைக்கும் சேர்த்து), பிறகு பக்கத்து மாவட்டங்களோடு ஜூன் 19 முதல் 30 வரை.

இரண்டாம் அலையில் 2021 மே 10-இல் மாநில ஊரடங்கு தொடங்கியது. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு.

மார்ச் 24 ராத்திரி பிரதமர் பேசினதை நீங்க எப்படிப் பார்க்குறீங்க?

பேசிய விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. இரவு 8 மணிக்குத் தொடங்கினார். நோயின் தீவிரத்தைச் சொன்னார், கைகூப்பிக் கேட்டுக்கொண்டார், யாரும் தெருவுக்கு வரக்கூடாது என்று எழுதிய அட்டையைக் காட்டினார், மருத்துவ வசதிகளுக்கு 15,000 கோடி ரூபாய் என்றார். என் மாமியாருக்கு இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. டிவியில் ஓடிய தமிழ்க் குரலைவிட அவர் முகத்தைப் பார்த்தே, இது பெரிய விஷயம் என்று புரிந்துகொண்டார்.

குறை வேறு இடத்தில். அத்தியாவசியப் பொருள்களுக்கு ஏற்பாடு நடக்கிறது என்பதைத் தாண்டி, எந்தக் கடை திறக்கும், எப்போது திறக்கும் என்பது பேச்சில் இல்லை. அது உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் இருந்தது: ரேஷன் கடை, மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மீன், வங்கி, பத்திரிகை எல்லாவற்றுக்கும் விலக்கு. அந்தக் காகிதம் மக்கள் கைக்கு வருவதற்குள் கடைத்தெரு நிரம்பிவிட்டது. எங்கள் தெருமுனை அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து குனிந்து சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துத் தாத்தா சர்க்கரை மாத்திரைக்காக மருந்துக் கடைக் கூட்டத்தில் இடிபட்டு நின்றார். மருந்துக் கடை மறுநாளும் திறந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பதற வேண்டாம், எல்லாம் கிடைக்கும் என்று பிரதமர் ட்விட்டரில் எழுதினார். தாத்தாவிடம் ட்விட்டர் கிடையாது.

என் அளவுகோல் இது ஒன்றுதான்: தலைவர் பேசி முடித்ததும், கேட்டவருக்கு மறுநாள் காலையில் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கட்சித் தலைவரையும் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

நாலு மணி நேரத்துல சொல்லாம வேற எப்படிச் சொல்றது? தள்ளிப்போட்டா பரவிடாதா?

நியாயமான கேள்வி. அன்றைக்கு நாட்டில் உறுதியான தொற்று ஐந்நூற்றுச் சொச்சம்தான். சீக்கிரம் மூடியதால் மருத்துவமனைகளுக்கு அவகாசம் கிடைத்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மூடுவது வேறு, மூடும் முன் மக்களைத் தயார்படுத்துவது வேறு. நியூசிலாந்தில் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் மார்ச் 23 அன்று பேசி 48 மணி நேரம் கொடுத்தார். சிங்கப்பூரில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஏப்ரல் 3 அன்று ஆங்கிலம், மலாய், சீனம் என மூன்று மொழியில் பேசினார். கட்டுப்பாடு ஏப்ரல் 7-இல்தான் தொடங்கியது. அவை சின்ன நாடுகள் என்பார்கள். பெரிய நாட்டில் ஊர் திரும்பும் தூரமும் பெரிது. அவகாசம் அங்கேதான் அதிகம் தேவை.

எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். வேலை நின்றது, மேஸ்திரி வரவில்லை, ரயில் இல்லை. இரண்டாம் மாடி அக்காவும் எதிர் பிளாக் பாயும் சேர்ந்து சாம்பார் சாதம் ஆக்கி, சுவருக்கு மேலே வாளியை எட்டிக் கொடுத்தார்கள். தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் தொடங்கியது மே 1-இல்தான். வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. என்னை இன்றும் வருத்துவது அந்தப் பதில். எண்ணிக்கூட வைக்கவில்லை.

கை தட்டினது, விளக்கு ஏத்தினது எல்லாம் வேஸ்ட்டுனு சொல்றீங்களா?

இல்லை. மார்ச் 22 மாலை 5 மணிக்கு எங்கள் பால்கனிகளில் தட்டும் கரண்டியும் அடித்த சத்தம் உண்மையான நன்றி. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் அகல் விளக்கு வைத்தபோது, பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு வீட்டுக்காரர்கள் எதிரெதிர் பால்கனியில் நின்று தலையசைத்துக்கொண்டார்கள். பயந்துபோன ஜனங்களுக்கு ஒன்றாகச் செய்ய ஏதாவது வேண்டும்.

ஆனால் அதே ஏப்ரலில், அதே சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி எடுத்து மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது பிறகுதான். தட்டு அடிக்கச் சொன்ன அன்றே, "இவர்களில் யாராவது இறந்தால் மரியாதையோடு அடக்கம் செய்வது நம் கடமை, உடலிலிருந்து நோய் பரவும் என்று பயப்படாதீர்கள்" என்று தலைவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நன்றி எப்படி நடந்துகொள்வதில் முடியும் என்று சொல்லித்தர நல்ல தருணம் அது.

பேப்பரை ஏன் நிறுத்தினோம்? பேப்பர்ல கொரோனா ஒட்டிக்கிட்டு வருமா?

நிறுத்தச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை. மேலே சொன்ன விலக்குப் பட்டியலில் பத்திரிகையும் இருந்தது. ஆய்வகத்தில் அட்டையில் 24 மணி நேரம், பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை கிருமி தாங்குகிறது என்று 2020 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வகத்தில் கிருமி தாங்குவதும் அதைத் தொட்டவருக்கு நோய் வருவதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால், பேப்பர் போடும் பையன்களைக் கட்டடம் கட்டடமாக நிறுத்தினார்கள். விளம்பரம் குறைந்து பேப்பரும் மெலிந்தது. அந்தப் பையன்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

டிவி, பேப்பர், வாட்ஸ்அப், இதுல எதை நம்புறது?

ஊடகத்தைப் பார்த்து நம்பாதீர்கள், மூலத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் செய்தி வெளியீடு என்றால் மேலே எண்ணும் நாளும் இருக்கும். அரசாணை என்றால் அரசாணை எண், துறை, நாள் இருக்கும். இவை இல்லாமல் வரும் "அரசு அறிவிப்பு" எதையும் எங்கள் குழுவில் நான் ஏற்றியதில்லை. 2020 மார்ச்சில் இரண்டு செய்தி பயங்கரமாகச் சுற்றியது. ஒன்று, ராத்திரி ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கிறார்கள், துணியை எடுத்து உள்ளே வையுங்கள் என்பது. இன்னொன்று, கிருமி 12 மணி நேரம்தான் உயிரோடிருக்கும், 14 மணி நேர மக்கள் ஊரடங்கில் எல்லாம் செத்துவிடும் என்பது. இரண்டுமே பொய். இரண்டிலும் நாளும் இல்லை, எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். உத்தரவைக் கடைசி வரி வரை படியுங்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்: யாருக்கு விலக்கு, எந்த நேரம், எந்த மாவட்டம். "சென்னையில் முழு ஊரடங்கு" என்று டிவியில் சிவப்புப் பட்டை ஓடும்போது, நம் தெரு மாநகராட்சி எல்லைக்குள் வருகிறதா, பக்கத்து ஊராட்சியில் வருகிறதா என்பது பட்டையில் வராது.

எங்கம்மா நாள் பூரா நியூஸ் சேனல்தான் பாக்குறாங்க. ராத்திரி தூங்குறதே இல்ல. என்ன செய்யலாம்?

சேனலை அணைத்துவிட்டால் பயம் கூடும். அதற்குப் பதில் நேரம் வைத்துக் கொடுங்கள். அப்போது மாநிலச் சுகாதாரத் துறையின் அறிக்கை மாலையில்தான் வரும். அதற்கு முன் நாள் முழுக்க ஓடுவது நேற்றைய எண்ணிக்கைதான். காலையில் ஒரு முறை, மாலை அறிக்கை வந்தபின் ஒரு முறை போதும். நடுவில் அவர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் பிளாக்கில் ஒரு பாட்டிக்கு, தனியாக இருக்கும் மற்றப் பெரியவர்களுக்குத் தினமும் போன் போட்டு விசாரிக்கும் வேலை கொடுத்தோம். டிவி தானாகக் குறைந்தது.

'ஒரே நாளில் 518 பேர் பலி'னு போட்டாங்களே, அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் பாதிதான். 2020 ஜூலை 22 அறிக்கையில் புதிய மரணம் 74. முந்தைய மாதங்களில் கணக்கில் விடுபட்டிருந்த 444 மரணங்களை ஆய்வுக்குப் பிறகு அன்றைக்குச் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து 518. தலைப்பை மட்டும் படித்தவர் ஒரே நாளில் நோய் பல மடங்கு ஏறிவிட்டது என்று நினைத்தார். அரசு விட்டுப்போனதை வெளியே சொன்னது நல்லது என்பதும், முன்பே எண்ணியிருக்க வேண்டும் என்பதும், இரண்டுமே அந்த ஒரே எண்ணில் இருந்தன.

எண்ணிக்கைச் செய்திக்குப் பொதுவாக நான் பார்ப்பது இவை. இது இதுவரையிலான மொத்தமா, இன்றைக்கு மட்டுமா? எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்து இத்தனை பேர்? பரிசோதனையைக் குறைத்தால் தொற்றும் குறைந்த மாதிரி தெரியும், ஆகவே நூற்றுக்கு எத்தனை என்பதுதான் உண்மையைச் சொல்லும். ஒரு நாளை விட்டு ஒரு வாரத்தைப் பாருங்கள். இரண்டாம் அலையில் 2021 மே 21 அன்று 36,184 என்று வந்து எல்லோரும் நடுங்கினோம். அதுதான் உச்சம் என்பது அடுத்த வாரத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

லிஃப்ட் பட்டனை அவ்வளவு துடைச்சோமே, அது தேவைதானா?

லிஃப்டில் தெர்மாகோலில் பல்குச்சிகளைக் குத்தி வைத்திருந்தது ஞாபகம் இருக்கும். ஒரு குச்சியை எடுத்து பட்டனை அமுக்கி, கீழே டப்பாவில் போட வேண்டும். அப்போது எல்லோரும் தொடுவதைப் பற்றித்தான் பேசினார்கள். கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் திறந்த கடிதம் எழுதிய பிறகுதான் அந்தப் பேச்சு மாறத் தொடங்கியது. 2021 ஏப்ரலில், பொருளைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொன்னது.

ஆகவே லிஃப்டில் முக்கியம் காற்று. ஃபேன் ஓட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு வீட்டார், முகக்கவசம், உள்ளே பேச்சு வேண்டாம். துடைப்பதை விடச் சொல்லவில்லை. ஆனால் ஹாலில் ஜன்னலை மூடி ஏசி போட்டுக் கூட்டம் நடத்திவிட்டு, மேசையை மட்டும் சானிடைசரால் துடைப்பதில் பலன் இல்லை.

நாலாவது மாடில தொற்று வந்தப்ப ஏன் பேரைச் சொல்லல? எங்களுக்குத் தெரிய வேணாமா?

இந்தக் கேள்வியை இன்னும் கோபத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தத் தளம், அவர்கள் பொது இடங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தார்கள், நாம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பது. அதைச் சொன்னோம். பெயரால் யாருக்கும் பாதுகாப்பு கூடவில்லை. மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டின் முன்னால் பால் பாக்கெட்டைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு ஓடியதையும், சில இடங்களில் வாசலைத் தகரம் வைத்து அடைத்ததையும் பார்த்தோம். பயந்துபோய் அறிகுறியையே மறைத்தவர்கள் அதனால்தான் மறைத்தார்கள். வீட்டு வாசலில் பொதுவாக இப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

வேலைக்கே வராத மாசத்துக்கு வீட்டு வேலை செய்றவங்களுக்குச் சம்பளம் எதுக்கு?

அவர்கள் வராமல் இருக்கவில்லை, நாம் கேட்டைப் பூட்டினோம். மார்ச் 24 பேச்சை விமர்சித்தவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும்: அதற்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 19 அன்று, நமக்கு வேலை செய்பவர்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று பிரதமர் நேரடியாகக் கேட்டுக்கொண்டார். நான் வைத்த அளவுகோலுக்கு அது சரியாகப் பொருந்திய பேச்சு. ஒவ்வொரு வீடும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த வரியை எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பெரும்பாலான வீடுகள் கொடுத்தன.

திரும்பி வர ஆரம்பித்தபோது இன்னொரு பேச்சு கிளம்பியது, "அவங்க படியில ஏறி வரட்டும், லிஃப்ட் வேண்டாம்" என்று. ஐந்து வீட்டுக்குப் போகிறவரைவிட, ஐந்நூறு பேர் வந்துபோகும் அலுவலகத்திலிருந்து வருகிறவர் எப்படிப் பாதுகாப்பானவர்? கூட்டத்தில் இதைக் கேட்டேன், பதில் வரவில்லை. லிஃப்ட் விதி எல்லோருக்கும் ஒன்று என்று தீர்மானம் போட்டோம்.

எல்லாரையும் குறை சொல்றீங்க. நல்லா செஞ்ச தலைவர்னு யாரையாவது சொல்லுங்க.

ஜெர்மனியின் அப்போதைய ஆட்சித் தலைவர் ஏஞ்சலா மெர்கலின் 2020 மார்ச் 18 தொலைக்காட்சி உரை எனக்குப் பிடிக்கும். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த அவர், நடமாடும் சுதந்திரம் போராடிப் பெற்றது என்று தெரிந்தவர்கள் இதை லேசாகக் கட்டுப்படுத்த மாட்டார்கள் என்று மக்களுக்கு விளக்கினார். மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவர்களுக்கும் சாமான் அடுக்குபவர்களுக்கும் நன்றி சொன்னார். அதைவிடப் பெரிது அடுத்த வருடம் நடந்தது. 2021-இல் ஈஸ்டருக்குக் கடும் ஊரடங்கு என்று அறிவித்து, நடைமுறைக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் மறுநாளே திரும்பப் பெற்று, தவறு முழுக்க என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார். நம் ஊரில் எந்தக் கட்சியிலும் அப்படி ஒரு வாக்கியம் எப்போது கேட்போம் என்று ஏங்குகிறேன்.

இங்கும் நல்லது நடந்தது. 2020 ஏப்ரல் 24 அன்று நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் மறுநாள் சென்னைக் கடைகளில் நெரிசல். 2021 மே மாதம் தளர்வில்லாத ஊரடங்குக்கு முன் இரண்டு நாள் கடைகளை இரவு 9 மணி வரை திறக்க விட்டார்கள், பிறகு காய்கறி வண்டிகளைத் தெருவுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. ஆனாலும் முந்தைய வருடத்துப் பாடம் கோட்டையில் தங்கியிருந்தது.

குரூப்ல அரசியல் சண்டை வராம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?

அரசியலைத் தடை செய்யவில்லை. ஆளைப் பற்றி எழுதாதீர்கள், முடிவைப் பற்றி எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "தடுப்பூசியை 18 வயதுக்காரர்களுக்கு மே 1-இல் திறந்துவிட்டு, வாங்கும் பொறுப்பை மாநிலங்கள் மேல் போட்டது சரியா?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேச முடியும். ஜூன் 7 அன்று மத்திய அரசே அதை மாற்றிக்கொண்டபோது, முன்பு எதிரெதிராக நின்றவர்கள் ஒன்றாக ஸ்லாட் தேடினார்கள். ஒரே நபர் ஒரே விஷயத்தை மூன்றாம் முறை எழுதினால் போனில் கூப்பிட்டுப் பேசுவேன். குழுவில் பதில் போட்டால் சண்டை வளரும்.

அடுத்த தடவை இப்படி ஏதாவது வந்தா நம்ம பிளாக்ல என்ன தயாரா வச்சிருக்கணும்?

தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியல், அவர்கள் சாப்பிடும் மாத்திரை, வெளியூர் பிள்ளைகளின் எண், அச்செடுத்த காகிதத்தில். உத்தரவுகளைப் படித்துச் சொல்ல இரண்டு பேர். ஒருவர் படுத்தால் இன்னொருவர். சங்கம் வாங்கிய இரண்டு ஆக்சிமீட்டரும் வாட்ச்மேன் அறை அலமாரியில் இருக்கின்றன, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறோம். வேலை செய்பவர்களுக்கு ஊரடங்கு மாதச் சம்பளம் உண்டு என்ற வரி சங்கத் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பாக்கி இருப்பது வாட்ச்மேன் அண்ணன் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்போகிறேன், வந்து கை தூக்குங்கள்.